கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடல்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவில் பிறந்து வளர்ந்தவன் நான். இரு மருங்கும் நன்னீர் ஓடும் ஊர்க்காரன் உப்புநீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நேயர்கள் வியக்கலாம். வியப்பதில் தவறில்லை. எங்கள் ஊரிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் கிழக்கே நாகப்பட்டினம் வரை, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆயினும், இன்று என் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு கடல் இருக்கிறது. மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றேகால் அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி அது. அதில் 140 லிட்டர் உப்புநீரும், இரண்டே இரண்டு மீன்களும் இருக்கின்றன. அந்த இரண்டு மீன்களை உயிரோடு வைத்திருக்கக் கற்றுக்கொள்வதற்கு முன் நான் ஐந்து மீன்களைக் கொன்றேன். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து நான் கற்ற பாடத்தை மாணவர்கள் முன் வைப்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் இரசாயனம் கற்பிப்பது என் தொழில். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏனென்றால், நான் செய்த பிழை இரசாயனம் அறியாதவன் செய்த பிழை அன்று. அறிந்ததைப் பயன்படுத்தாதவன் செய்த பிழை.

பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நன்னீர் மீன்கள் வளர்ந்துவந்தன. தொட்டியில் காவிரித் தண்ணீரை நிரப்பி, ஒரு நாள் ஆற வைத்து, மீன்களை விடுவோம். அவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கடல்மீனும் அப்படித்தான் என்று எண்ணினேன். நண்பர் ஒருவருடைய வண்டியில் நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து பெரிய பிளாஸ்டிக் கேன்களில் நீர் கொண்டுவந்தேன். மறுநாளே இரண்டு கோமாளி மீன்களையும் மூன்று டாம்செல் மீன்களையும் வாங்கி விட்டேன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீன்களைக் காண அண்டை வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் வந்தார்கள். என் தம்பி மகள் அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்து பாடம் படித்தாள்.

மூன்றாம் நாள் மீன்கள் உண்ணவில்லை. நான்காம் நாள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் காலையில் ஐந்தும் மிதந்தன. தண்ணீரோ பளிங்குபோல் தெளிவாக இருந்தது. “தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, பெரியப்பா! பிறகு ஏன் செத்துப்போயின?” என்று அந்தக் குழந்தை கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலையே கல்லூரிச் சோதனைச்சாலைக்கு ஒரு குப்பி நீரை எடுத்துச் சென்றேன். அதில் அமோனியா இருந்தது; மீன் தாங்கக்கூடிய அளவுக்கு மிக அதிகமாகவே இருந்தது.

மீன் உண்ணும் உணவிலுள்ள புரதத்தின் கழிவு பெரும்பாலும் அமோனியாவாகவே வெளிப்படுகிறது. அதிலும் மிகுதியான பங்கு செவுள்களின் வழியாகவே நீரில் கலக்கிறது. பரந்த கடலில் அது கரைந்து மறைந்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் அது போக இடமில்லை. நன்னீர்த் தொட்டியிலும் அமோனியா சேரத்தானே செய்யும், அங்கே மட்டும் மீன் எப்படிப் பிழைத்தது என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கேதான் இரசாயனம் குறுக்கிடுகிறது.

ஒரு நீர் அமிலத்தன்மை உடையதா, காரத்தன்மை உடையதா என்பதைக் குறிக்கும் எண்ணைப் பி-எச் என்கிறோம். டென்மார்க் நாட்டு இரசாயன அறிஞர் சோரன்சன் 1909-ஆம் ஆண்டில் இந்த அளவுமுறையை வகுத்தார். அதே 1909-ஆம் ஆண்டில்தான் சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. பி-எச் எண் 7 என்றால் நடுநிலை. அதற்கு மேல் காரம், கீழ் அமிலம். எண் ஒன்று ஏறினால் தன்மை பத்து மடங்கு மாறுகிறது. என் நன்னீர்த் தொட்டியின் எண் 7-ஐ ஒட்டியிருந்தது. கடல்நீரின் எண்ணோ 8.1, 8.2 என்ற அளவில் இருப்பது.

அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மின்னேற்றம் பெற்ற அமோனியம்; அதனால் தீங்கு குறைவு. மற்றொன்று மின்னேற்றம் இல்லாத அமோனியா வாயு. அது செவுளின் மெல்லிய தோலை எளிதில் ஊடுருவிச் சென்று மீனைக் கொல்கிறது. பி-எச் 7 உள்ள நீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி-எச் 8.2 உள்ள வெதுவெதுப்பான கடல்நீரில் அது நூற்றில் ஏழெட்டுப் பங்காகிவிடுகிறது. அதாவது, நன்னீர் மீன் பொறுத்துக்கொள்ளும் அதே அளவு அமோனியா கடல்நீரில் பத்து மடங்குக்கும் மேலான நஞ்சாகிறது. நன்னீர் கற்றுக்கொடுத்த துணிச்சலே கடல்மீனுக்கு எமனாயிற்று.

கடலில் இந்த அமோனியாவை யார் அகற்றுகிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியங்கள். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு வகைப் பாக்டீரியம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டினால் தீங்கு மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியங்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் துளைகளிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. அவை வேண்டிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். நான் அவற்றுக்குக் கொடுத்ததோ ஒரே நாள். வீடு கட்டி முடியுமுன்பே விருந்தாளிகளை அழைத்தவன் கதைதான் என் கதை.

இந்த முறை தொட்டியைக் கழுவி முதலிலிருந்து தொடங்கினேன். நாகப்பட்டினத்துக் கரைநீரை மீண்டும் கொண்டுவரவில்லை. கரையோரத்து நீரில் ஆற்று வண்டலும் படகுகளின் எண்ணெயும் கலந்திருக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் கரையோரத்து உப்பும் குறைந்துவிடும். ஆகவே உப்பைக் கரைத்து நானே கடல்நீர் தயாரிக்கத் தீர்மானித்தேன்.

“கடைத்தெருவில் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கரைத்தால் ஆகாதா?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. திருச்சிக்கும் கடலுப்புக்கும் பழைய உறவு உண்டு. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் வேதாரணியத்துக்கு நடந்து புறப்பட்டது இந்தத் திருச்சியிலிருந்துதான்; ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்துதான். அவர்கள் அள்ளிய உப்பு நாட்டுக்கு விடுதலை உணர்வை ஊட்டியது. ஆனால், மீனுக்கு அந்த உப்பு மட்டும் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய விடுகிறார்கள். நீர் வற்றவற்ற முதலில் சுண்ணாம்புப் பொருள் படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதன் பிறகே சோறாக்கும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, படிகிறது. மக்னீசிய உப்புகள் கசப்பான மீதிநீரிலேயே தங்கிவிடுகின்றன. அந்த நீரை வடித்துவிடுகிறார்கள். எனவே நம் அடுக்களைக்கு வருவது கடலின் ஒரு பகுதியேயன்றி முழுக்கடல் அன்று. ஆயிரம் கிராம் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றில் குளோரைடு 19.4 கிராம், சோடியம் 10.8, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 0.4 கிராம். இவை போக, பைகார்பனேட்டும் வேறு பலவும் சிறிதளவு.

இந்த விகிதத்தைப் பற்றி ஒரு வியப்பான உண்மை உண்டு. 1872 முதல் 1876 வரை ‘சாலஞ்சர்’ என்ற கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்தது. அது கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்ற அறிஞர் பகுத்தாய்ந்து 1884-இல் தம் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம்; ஆனால் பெருமளவில் உள்ள உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் எல்லாக் கடல்களிலும் ஏறத்தாழ ஒன்றே என்று அவர் கண்டார். இந்த விகிதத்தில் பழகிய மீனுக்கு நாமும் அதே விகிதத்தில்தான் நீரைக் கொடுக்க வேண்டும். இதற்கென்று தயாரித்த கடலுப்புக் கலவை இன்று கடைகளில் விற்கிறது. என் தொட்டிக்கு அதில் ஐந்து கிலோ தேவைப்பட்டது.

கலக்கும் நீரிலும் கவனம் வேண்டும். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். அது நம் குடலைக் காக்கும். மீனின் செவுளையும், நமக்கு வேண்டிய பாக்டீரியங்களையும் அழிக்கும். வடிகட்டிய தூய நீர் கிடைத்தால் நல்லது. இல்லையெனில், புகைப்படக்காரர்கள் இருட்டறையில் பயன்படுத்திவந்த ‘ஹைப்போ’ என்னும் சோடியம் தயோசல்பேட்டைச் சிறிது கலந்தால் குளோரின் நீங்கும். மற்றொன்று: எங்கள் வீட்டில் குடிநீரைச் செப்புக் குடத்தில் வைப்பது வழக்கம். அது மனிதருக்கு ஏற்றது. உப்புநீர் செம்பை அரித்துக் கரைத்துக்கொள்ளும். அந்தச் செம்பு இறால், நண்டு, நத்தை முதலியவற்றுக்குக் கொடிய நஞ்சு. ஆகவே செம்பு, பித்தளைப் பாத்திரங்களை அருகிலேயே கொண்டுவரலாகாது.

உப்பு சரியாகக் கரைந்ததா என்பதை நாக்கினால் அறிய முடியாது. அளந்தே அறிய வேண்டும். பால்காரரின் பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பதுண்டு அல்லவா? அதுபோன்ற மிதப்புமானி ஒன்றே இதற்கும் போதும். நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீர் 1.025 என்ற அளவைக் காட்ட வேண்டும்.

நீர் ஆயத்தமாயிற்று. ஆனால் மீன் வாங்கவில்லை. முதலில் பாக்டீரியங்களுக்குச் சோறிட வேண்டும். அவற்றின் சோறு அமோனியா. சிலர் ஒரு துண்டு இறாலைத் தொட்டியில் போட்டு அழுக விடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. அப்போது எனக்கு நவச்சாரம் நினைவுக்கு வந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர், பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் ஒரு வெள்ளைத் தூளைத் தூவித் துடைப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். குப்பென்று புகை எழுந்து மூக்கை எரிக்கும். அதுதான் நவச்சாரம், இரசாயனப் பெயர் அமோனியம் குளோரைடு. கடைத்தெருச் சரக்கில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால், சோதனைச்சாலைக்குரிய தூய சரக்கை வாங்கினேன்.

மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வேண்டும் என்றால் 140 லிட்டருக்கு 280 மில்லிகிராம் தேவை. 53.5 கிராம் அமோனியம் குளோரைடில் 17 கிராம் அமோனியா கிடைக்கும். ஆகவே எனக்கு வேண்டியது 880 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமுக்கும் குறைவு. வகுப்பறையில் எத்தனையோ முறை கரும்பலகையில் போட்ட கணக்குத்தான். முதல் தடவையாக அதைச் சரியாகப் போட வேண்டிய அவசியம் எனக்கு உண்டாயிற்று.

அன்றிலிருந்து என் தம்பி மகள் ஒரு கோடு போட்ட நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டாள். நாள்தோறும் மாலையில் சோதனைக் குழாயில் நீரெடுத்து, மருந்துத் துளிகளை விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எழுதினாள். முதல் பத்து நாள் அமோனியா அசையவே இல்லை. பிறகு மெல்லக் குறையத் தொடங்கியது. குறையும்போதே நைட்ரைட் தலைகாட்டியது. மூன்றாம் வாரம் நைட்ரைட்டின் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டியது. குழந்தை பயந்துவிட்டாள். கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் நைட்ரைட் நன்னீரில் செய்யும் அளவு தீங்கை இங்கே செய்யாது என்று சொல்லித் தேற்றினேன். ஐந்தாம் வாரத்தின் முடிவில் ஒரு நாள் அமோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. நைட்ரேட் மட்டும் இருந்தது. மீண்டும் 880 மில்லிகிராம் நவச்சாரத்தைப் போட்டோம். மறுநாள் மாலைக்குள் அது முழுவதும் நைட்ரேட்டாகிவிட்டது. தொட்டி உயிர்பெற்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மீன் ஒன்றும் இல்லாத தொட்டியைப் பார்த்து அன்று நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம்.

பாதி நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்த பின்னரே மீன்களை வரவழைத்தோம். இம்முறை இரண்டு கோமாளி மீன்கள் மட்டும். அவையும் கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பொரித்து வளர்த்தவை. 1947-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை நம் நாட்டில் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே இனிக் கடலைக் கொள்ளையிட்டு வீட்டை அலங்கரிக்க வேண்டிய தேவை இல்லை. பவளத்தையும் கடற்குதிரையையும் எடுப்பதும் வைத்திருப்பதும் 2001 முதல் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். என் தொட்டியில் பவளம் இல்லை. கிளிஞ்சல் மணலும் சாதாரணச் சுண்ணாம்புக் கற்களுமே இருக்கின்றன.

இனி எல்லாம் சுகமே என்று நான் இருந்தபோது இரண்டாவது பிழையைச் செய்தேன். அதைக் கண்டுபிடித்தவள் அந்தக் குழந்தைதான்.

சித்திரை மாதம் பிறந்தது. திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தொடுவது இங்கே புதுமையன்று. நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவை ஏற்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் ஏழு மில்லிகிராம்கூட ஏற்காது. 30 டிகிரியில் அது ஆறைச் சற்றே தாண்டும். ஆகையால் தொட்டியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டேன். பானைத் தண்ணீர் குளிர்வது போலவே ஆவியாதலால் தொட்டி நீரும் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தது. ஆனால், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் வற்றியது. வற்றிய அளவுக்கு, தயாராக வைத்திருந்த உப்புநீரை ஊற்றி நிரப்பிவந்தேன்.

ஒரு நாள் குழந்தை தொட்டியின் விளிம்பைத் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளைக் காட்டினாள். “பெரியப்பா! தண்ணீர் ஆவியாகப் போகிறது. உப்பு எங்கே போகிறது?” என்றாள்.

உப்பு எங்கும் போகவில்லை. உப்பளத்துப் பாத்தியில் நடப்பதுதான் என் தொட்டியிலும் நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு 14 லிட்டர் நீர் வற்ற, அதற்கு ஈடாக 14 லிட்டர் உப்புநீரை ஊற்றினால், ஒவ்வொரு வாரமும் அரைக் கிலோ உப்பு கூடுதலாகச் சேர்கிறது என்று பொருள். மிதப்புமானியை எடுத்துப் பார்த்தேன், அது 1.025-ஐ விட்டு மேலே போயிருந்தது. இன்னும் சில வாரங்கள் போயிருந்தால் மறுபடியும் மீன்களை அடக்கம் செய்திருப்பேன். வற்றிய நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும். அழுக்கை நீக்க நீரை மாற்றும்போது மட்டும் உப்புநீரை ஊற்ற வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பலாகாது. புதிதாகக் கடல்தொட்டி வைப்பவர்கள் தொட்டியின் சுவரில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, நாள்தோறும் அந்தக் கோடு வரை நன்னீர் ஊற்றுவது நலம். கூடிவிட்ட உப்பையும் ஒரே நாளில் குறைக்காமல், பல நாட்களில் சிறிது சிறிதாகக் குறைத்தோம். மீனின் உடல் திடீர் மாற்றத்தைத் தாங்காது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பாக்டீரியங்கள் அமோனியாவை நைட்ரேட்டாக்கும்போது அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலத்தை நீரிலுள்ள பைகார்பனேட் ஏற்று அடக்குகிறது. அதனாலேயே பி-எச் எண் நிலைத்து நிற்கிறது. அடக்க அடக்கப் பைகார்பனேட் குறைந்துபோகும். அது தீர்ந்தால் பி-எச் சரியும். கிளிஞ்சல் மணல் கரைந்து ஈடுசெய்யும் என்று சொல்வார்கள். அது உண்மையே, ஆனால், நீர் சற்று அமிலப் பக்கமாகத் திரும்பிய பின்னரே அது கரையும். அதுவரை காத்திருக்கலாகாது. இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீரை ஊற்றினால், நைட்ரேட் குறைகிறது. பைகார்பனேட்டும் கால்சியமும் திரும்பக் கிடைக்கின்றன. ஒரே செயலில் இரண்டு நோய்களுக்கும் மருந்து. உப்பு, வெப்பம், பி-எச், காரத்தன்மை, அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்னும் இந்த ஏழையும் ஒரு நோட்டில் எழுதிவருபவனுக்கு மீன் நோயுறுவதற்கு முன்பே நீர் நோயுறுவது தெரிந்துவிடும். மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும்; மீனோடு பாக்டீரியங்களும் மூச்சுத் திணறும். அதற்காக மின்கலத்தில் ஓடும் ஒரு காற்றுக் கருவியையும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

கிளிஞ்சலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊருக்கு வடகிழக்கே கல்லக்குடியில் சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். அந்தக் கல்லில் சிப்பிகளும் பவளங்களும் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கல்லக்குடியிலிருந்து அரியலூர் வரை பரவியிருக்கும் அந்தப் பாறைகளை அறியாத நிலநூல் மாணவர் இல்லை. அப்படியானால், என் கூடத்திலிருக்கும் கடல் திருச்சிச் சீமைக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. பழைய உறவினர் ஒருவர் சிறு உருவில் திரும்பி வந்திருக்கிறார் என்றே கொள்ளலாம்.

அந்த இரண்டு மீன்களும் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கின்றன. குழந்தை பத்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். நோட்டுப்புத்தகம் ஐந்தாவதாக ஓடுகிறது. போன மாதம் அவள் ஒரு பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். தொழிற்சாலைகளும் வண்டிகளும் வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரின் பி-எச் எண், தொழிற்புரட்சிக்கு முன்னிருந்த 8.2 என்ற அளவிலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. பத்தில் ஒன்றுதானே என்று அலட்சியமாக எண்ணக் கூடாது. பி-எச் கணக்கில் அது நூற்றுக்கு முப்பதை ஒட்டிய மாற்றம். பவளமும் சிப்பியும் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்வது கடினமாகிவருகிறது. மன்னார் வளைகுடாவிலும் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்துப்போவதை அறிஞர்கள் கண்டுவருகிறார்கள்.

“நம் தொட்டியில் எண் இறங்கினால் நாம் தண்ணீர் மாற்றுகிறோம். கடலில் இறங்கினால் என்ன செய்வது, பெரியப்பா?” என்று கேட்டாள்.

முதல் ஐந்து மீன்கள் இறந்த அன்று அவள் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை என்றேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியும். கடலுக்கு மாற்றி ஊற்ற வேறொரு கடல் இல்லை. ஆகவே அழுக்கைச் சேர விடாமலிருப்பது ஒன்றே வழி. அந்த வழியைக் காண வேண்டியவர்கள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள். அதற்கு வேண்டிய பயிற்சியை ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியும், ஒரு மிதப்புமானியும், ஒரு நோட்டுப்புத்தகமும் தர முடியும். ஆனால், மீனை வாங்குவதற்கு முன் ஆறு வாரம் காத்திருங்கள்.